சுவரொட்டி அம்மா

மார்ச் 3

அம்மாவுக்கு,

தயவுசெய்து இதைக் கிழித்துப் போடாமல் படியுங்கள். உங்கள் எண்ணுக்கு எத்தனையோ முறை அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வீட்டு முகவரிக்கு எழுதினால் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடுவீர்களோ என்று பயம். அதனால் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு எழுதுகிறேன்.

நான் இங்கே என்ன படிக்கிறேன் என்று உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இணையத்தில் ஒரு படம் எப்படிக் கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் பரவுகிறது, பரவிய படம் எப்படி ஒரு போராட்டமாகிறது என்பதுதான் என் ஆய்வு. போன ஜூலையில் நம் ஊர் அட்டைப்பெட்டி ஆலையில் தீப்பிடித்ததே, பின்கதவைப் பூட்டி வைத்திருந்ததால் பதினோரு பேர் உள்ளேயே செத்துப் போனார்களே, அதற்குப் பிறகு கிளம்பிய 'கதவைத் திற' இயக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். நம் ஊர் விஷயம் என்பதால் என் வழிகாட்டிப் பேராசிரியையும் உடனே சம்மதித்தார்.

அந்த இயக்கத்தின் முகம் ஒரு சுவரொட்டி. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கறுப்பும் நீலமும் மட்டும் வைத்து வரைந்த கோட்டுச் சித்திரம். நடைபாதையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையால் வாயைப் பொத்தியிருக்கிறாள். இன்னொரு கையில் ஒரு நீலச் சட்டை, ஆலைத் தொழிலாளர்கள் போடுகிற மாதிரி. கீழே 'என் பிள்ளை உள்ளே இருந்தான்' என்று ஒரு வரி. வரைந்தவர் யாரென்று தெரியாது. ஒரே வாரத்தில் அது போகாத இடமில்லை.

அதை அச்செடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். எட்டு மாதமாக அவளைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எந்தப் புகைப்படத்தை வைத்து அதை வரைந்தார்கள் என்று தேடிக்கொண்டே இருந்தேன். படமெடுத்த பத்திரிகைக்காரரைக் கடைசியில் பிடித்தேன். நேற்று அனுப்பினார். திறந்தேன். முகத்தில் பாதிதான் தெரிந்தது. பெரிதாக்கினேன். இடது மணிக்கட்டில் இஸ்திரி சுட்ட தழும்பு, பிறை மாதிரி.

அம்மா, அது நீங்கள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்து நிற்பதே எனக்குத் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரி, யாராவது இறந்துவிட்டார்களா என்று ஓடி வந்தாள். 'இல்லை' என்றேன்.

உங்களுக்கு மகன் இல்லை. நான் ஒருத்திதான். அந்த ஆலையில் நமக்குத் தெரிந்தவர்களும் கிடையாது. பிறகு யாருக்காக அங்கே உட்கார்ந்து அழுதீர்கள்? யாராவது உங்களை அப்படி உட்காரச் சொன்னார்களா? கேட்கவே கூசுகிறது, ஆனால் இந்தக் கேள்வியை நான் கேட்டே ஆக வேண்டும்.

அந்த லிஃப்ட்காரரைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

மகள்


மார்ச் 13

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. சலவைக்கூடத்துக்குக் கடிதம் வந்து யாரும் பார்த்ததில்லை. மேற்பார்வையாளர் அதை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

முதலில் ஒன்று கேட்கிறேன். என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பேசப் பழகிய நாளிலிருந்து எனக்கு நீ 'வா, போ' தான். இந்த மரியாதை எந்த நாளில் தொடங்கியது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நீ கேட்ட கேள்விக்குப் பதிலும் அதே நாள்தான்.

அன்று ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களின் சட்டைகள் வந்திருந்தன. அவையும் நீலம்தான். ஒன்றில் பை கிழிந்திருந்தது. தைத்துக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது. உள்ளே துணி காய வைக்கிற மெஷின் போடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று சட்டையைக் கையில் பிடித்தபடியே வெளிவாசலுக்கு ஓடினேன். அதற்கு முந்தின வாரம்தான் லிஃப்ட்காரர் என்னைக் கல்யாணம் கட்டிக்கொள்ளக் கேட்டதையும், எனக்கும் அதில் விருப்பம் என்பதையும் உன்னிடம் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் யோசித்திருக்கிறாள், கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்துத்தான் ஓடினேன்.

நீ சொன்னாய்: "அப்பா போய் ரெண்டு வருஷம்கூட ஆகல. அவரோட சேர்ந்து நீங்களும் போயிட்டீங்கன்னு நினைச்சுக்கறேன். இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க."

'நீங்க' என்று நீ சொன்ன முதல் நாள் அதுதான்.

என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கால் சொன்னது, உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. எங்கே தீ, என்ன ஆயிற்று, எதுவும் எனக்குத் தெரியாது. படம் எடுத்தவரை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்று போட்டார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

அந்தப் போனை மறுபடி காதில் வைக்கப் பிடிக்கவில்லை. சிம்மைக் கழற்றி வைத்துவிட்டேன். லிஃப்ட்காரரைப் பற்றி நீ கேட்கப் போவதில்லை என்றதால் நானே சொல்லிவிடுகிறேன். மறுநாளே அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சரிங்க" என்றார். அவ்வளவுதான். துணி வண்டியோடு தினமும் அவருடைய லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறேன். "எந்த மாடிங்க?" என்று கேட்கிறார், புது ஆளைக் கேட்பது போல.

எட்டு மாதமாக உன் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறேன் என்கிறாய். சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன், வாயைத்தான் பொத்தி வரைந்துவிட்டார்களே.

அம்மா


மார்ச் 22

அம்மா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். 'நீங்களும் போயிட்டீங்கன்னு' என்ற இடத்துக்கு வந்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு மறுபடி எடுத்தேன். நான் அப்படிச் சொன்னேனா? சொன்னேன். கத்தினேன் என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. சொன்ன வார்த்தை உன்னிடம்தான் இருந்திருக்கிறது.

நம்ப முடியாமல் பழைய அழைப்புகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் போனை வைத்த நேரமும் அந்தப் புகைப்படம் எடுத்த நேரமும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஒரு கோடிப் பேருக்கு மேல் பகிர்ந்த அழுகை அம்மா அது. எங்கிருந்தெல்லாமோ மனிதர்கள் அதன் கீழே எழுதியிருக்கிறார்கள்: 'இந்தத் தாயை இப்படி அழ வைத்தவர்களுக்கு மன்னிப்பே கிடையாது.' அந்த வரிகளை ஒவ்வொன்றாக வகை பிரித்து, எண் போட்டு, அட்டவணை ஆக்கியது நான். அவர்கள் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த அன்று மேசையில் தலை வைத்து அழுதுகொண்டிருந்தேன். வழிகாட்டி வந்து தோளைத் தொட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, இதுதான் உன் ஆய்வு, இதுவரை நீ எழுதியது வெறும் முன்னுரை என்றார். உண்மை தெரிந்த பிறகும் அதை விட்டுவிட்டு எழுதினால் அது ஆய்வு இல்லை, விளம்பரம் என்றார்.  போன மாதம் ஒரு வகுப்பில் நானே இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் முதல் வாரம் இங்கே ஒரு பெரிய கருத்தரங்கு. அதில் இதைப் படிக்கலாம் என்கிறார். உன் பதில் வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். பொறுப்பதாகத்தான் சொன்னார்.

நீ என்ன சொல்கிறாய்? உடனே எழுது.

நீ லிஃப்ட்காரரிடம் வேண்டாம் என்று சொன்னதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. பெண்களின் சுதந்திரம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நான். பிறகு எழுதுகிறேன்.

உன் மகள்


ஏப்ரல் 1

மகளுக்கு,

வேண்டாம். முதலில் இதை எழுதிவிடுகிறேன். வேண்டாம்.

ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன்.

தீப்பிடித்த நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சுவர் முழுக்க அந்தப் படத்தை ஒட்டியிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு சுவரில் நாற்பது நானாக நான் அழுதுகொண்டிருந்தேன். யாரிடம் போய் இது தப்பு என்று சொல்வது என்று புரியவில்லை. உள்ளே வந்து துணி மடிக்கத் தொடங்கினேன். பிணவறைப் பக்கம் ஆலைக் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. அங்கிருந்து ஒரு அம்மா என் பின்னாலேயே சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டார். அன்று வாசலில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர், தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவர். ஒரே மகன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்.

"நீங்கதானே அந்தப் படத்துல?"

"ஆமாங்க."

"உங்க பையன் எந்தப் பக்கம் வேலை பார்த்தான்? என் பையன் பசை ஒட்டற இடம்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "எனக்குப் பையன் இல்லைங்க. ஒரு பொண்ணுதான். நல்லா இருக்கா. நான் அன்னைக்கு வேற எதுக்கோ அழுதேன்."

அறையப் போகிறார் என்று நினைத்தேன். கன்னத்தைக் காட்டத் தயாராகத்தான் நின்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எங்கேயும் கேட்டதில்லை, இனியும் கேட்க வேண்டாம்.

"நாங்க இத்தனை பேரும் அங்கேயே உருண்டு அழுதோம். எங்களை ஒருத்தரும் படம் எடுக்கல. உங்களை எடுத்திருக்காங்க."

மன்னிப்புக் கேட்டேன். எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாதீங்க. மூணு நாளா போலீஸ்ல கேஸே எழுதல. உங்க படம் சுத்தினதுக்கு அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசினாங்க. கேஸ் முடியற வரைக்கும் நீங்க எங்க ஆளாவே இருங்க."

"தப்பில்லையாங்க?"

"தப்புதான். கதவைப் பூட்டினது?"

மற்றக் குடும்பங்களையும் கூட்டி வந்து அவரே சொன்னார். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் கேட்டுக்கொண்டதால்தான் சும்மா இருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் வழக்கு விசாரணைக்கு வருகிறது. முதலாளியின் வக்கீல் எங்கே ஒரு ஓட்டை கிடைக்கும் என்று அலைகிறார். உன் பேராசிரியர் நல்லவராகவே இருக்கட்டும். உண்மை எங்கேயும் ஓடிவிடாது. கொஞ்ச நாள் காத்திருக்கச் சொல்.

இதைத் தபாலில் போட இன்றே அரை நாள் விடுப்பு எடுக்கிறேன்.

அம்மா


ஏப்ரல் 10

அம்மா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நான்கு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?

அவர் படித்துவிட்டார். நான் அந்த அரங்கில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஏதோ கட்டுரை படிக்கப் போகிறார் என்றுதான் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. பாதியில் திரையில் உன் படம் வந்தது. 'இவர் தீயில் இறந்த யாருடைய தாயும் அல்ல, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பெண், தன் மகளோடு போனில் சண்டை போட்டுவிட்டு அழுதிருக்கிறார்' என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டார். அரங்கமே மூச்சை இழுத்தது. நான் எழுந்து 'நிறுத்துங்கள்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. உண்மையிலேயே வரவில்லை அம்மா.

யாரோ அதைப் போனில் பிடித்திருக்கிறார்கள். அரை நிமிடம்கூட இருக்காது. வெளியே வந்து காபி வாங்குவதற்குள் அது அரங்கை விட்டுப் போய்விட்டது. ராத்திரிக்குள் நம் ஊருக்கு வந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபடியே இருக்கிறேன். சலவைக்கூடம் என்றாலே வைத்துவிடுகிறார்கள். நீ எப்படி இருக்கிறாய்? வீட்டில் இருக்கிறாயா? சிம்மைப் போடு அம்மா. கெஞ்சிக் கேட்கிறேன்.


ஏப்ரல் 20

மகளுக்கு,

உயிரோடு இருக்கிறேன். பயப்படாதே. சிம் செத்துவிட்டது, கடையில் கொடுத்துப் பார்த்தேன். கடிதமே போதும். இப்போதைக்கு எனக்கு மணி அடிக்காத எதுவும் நல்லதுதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் பேராசிரியர் படித்த மறுநாள் காலையில் போர்வைகளை இஸ்திரி உருளையில் விட்டுக்கொண்டிருந்தோம். கூட வேலை செய்கிற பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகப் போனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எப்போதும் வாய் ஓயாத கூட்டம் அது. மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. மேற்பார்வையாளர் வந்து, "அக்கா, வாசல் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்றார். என்னதான் இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். நான் எப்போது சொன்னதைக் கேட்டேன்?

வாசலில் இருநூறு முந்நூறு பேர். எல்லார் கையிலும் போன் தலைக்கு மேலே. "போலித் தாய்! போலித் தாய்!" என்று கூச்சல். அதில் பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரிந்தது, போன வருஷம் இதே இடத்தில் என் படத்துக்குக் கீழே மெழுகுவத்தி ஏற்றி அழுதவர்கள். ஒரு பெண் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "எங்களை எல்லாம் முட்டாளாக்கிட்டீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எதிர்ச் சுவரில் ஏணி போட்டு என் முகங்களுக்கு வரிசையாகத் தார் பூசிக்கொண்டிருந்தான் ஒருவன். என்னை எனக்கெதிரே அழிப்பதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். நகரத் தோன்றவில்லை. பிறகு செருப்பு ஒன்று வந்து தோளில் விழுந்தது.

யாரோ என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். லிஃப்ட்காரர். பின்பக்கம் துணி வண்டி ஏற்றுகிற லிஃப்டுக்குள் என்னைத் தள்ளி, கம்பிக் கதவைச் சாத்தி, மேலே கொண்டுபோய் இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்திவிட்டார்.

"இங்க சிக்னல் வராதுங்க. எவனும் படம் எடுக்க முடியாது. உட்காருங்க."

இருந்தது அவருடைய ஒரு ஸ்டூல்தான். நான் உட்கார்ந்தேன், அவர் நின்றார். கீழே காலடிச் சத்தம் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "அன்னைக்கு எதுக்குங்க அழுதீங்க? நான் உங்களைக் கேட்டதே இல்ல."

சொன்னேன். எனக்கு வேண்டாம் என்று அவரிடம் சொன்னதற்கும் அதுதான் காரணம் என்று அவருக்கு அன்றுதான் தெரியும். மோவாயைத் தடவிக்கொண்டார். "பொண்ணு கோபம் நியாயம்தான். என்னைக் கண்ணாடில பார்த்தா எனக்கே கோபம் வருது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போது லிஃப்டுக்குள் உட்கார்ந்து சிரித்தேன். மேலே யாரோ கதவைத் தட்டி, "லிஃப்ட் என்ன ரிப்பேரா?" என்று கத்தினார்கள். "ரிப்பேர்தான்! பெரிய ரிப்பேர்!" என்று இவரும் கத்தினார்.

கூட்டம் கலையும் வரை அங்கேதான் இருந்தோம்.

ஆஸ்பத்திரி விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது போகட்டும். காய்கறிக்காரம்மாவைத் தேடி நாலு தெரு அலைந்தேன். வண்டி நிற்கிற இடம் காலி. வீட்டில் பூட்டு. என்னால் அவர் பிள்ளையின் கேஸ் போய்விட்டது என்று நினைக்கிறாரோ? நினைத்தால் நான் என்ன பதில் சொல்வேன்?

உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதி முடித்த பிறகு பார்க்கிறேன், திட்டவில்லை. அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

அம்மா


ஏப்ரல் 30

அம்மா,

செருப்பு என்று நீ ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் அந்த வரியிலேயே நிற்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். எண்ணினேன். 'கதவைத் திற' எட்டு மாதத்தில் எவ்வளவு தூரம் போனதோ, அதை 'போலித் தாய்' இரண்டே நாளில் தாண்டிவிட்டது. அதை எழுதியவர்கள் யார் என்று பார்த்தேன். முதலாளியின் ஆட்களாக இருப்பார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் பேர்தான் அவர்கள். மீதியெல்லாம் அன்று உனக்காக அழுதவர்கள். பின்கதவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பதினோரு பேர் என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்தேன், கையளவுதான் வந்தது. திரையை மூடிவிட்டு எழுந்தேன்.

வழிகாட்டியின் அறைக்குப் போனேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். அவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். 'ஒரு சின்னத் துண்டு எப்படிப் பரவும் என்று இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் நான், எனக்கே தெரியாமல் போய்விட்டதே' என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கத்த முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை. அவரிடம் இனி வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைப் பற்றிய அத்தியாயத்தையும் எடுத்துவிட்டேன். பயப்படாதே, படிப்பை விடவில்லை. வேறு ஒருவரிடம் மாறுகிறேன்.

அம்மா, லிஃப்ட்காரர் உன்னை லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டு போனதைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அங்கே நான் இருந்திருக்க வேண்டும். நான் இல்லாத இடத்தில் அவர் இருந்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கூடத் தெரிந்துகொள்ளாமல் அன்று பேசினேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. இத்தனை நாளும் நீ தனியாகவே இருந்திருக்கிறாய், அதுவும் எனக்காக, அதுவும் நான் கேட்காமலே.

வழக்கு என்ன ஆயிற்று? காய்கறிக்காரம்மா கிடைத்தாரா?

உன் மகள்


மே 14

அன்பு மகளுக்கு,

கிடைத்தார். கோர்ட்டு வாசலில்.

விசாரணைக்கு நானும் போனேன், முக்காடு மாதிரி சால்வையைப் போர்த்திக்கொண்டு. முதலாளியின் வக்கீல் அந்தப் படத்தை இவ்வளவு பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். "இந்த வழக்கே ஒரு பொய்யிலிருந்து பிறந்தது" என்று தூக்கிக் காட்டினார்.  நீதிபதி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இந்தப் படம் வழக்குக் காகிதத்தில் எங்கேயாவது இருக்கா?" என்றார். இல்லை. "அப்ப மடிச்சு வைங்க" என்றார். அவ்வளவுதான். எட்டு மாதம் ஊரையே ஆட்டி வைத்த என் மூஞ்சி அந்த அறைக்குள் ஒரு காகிதம், அதுவும் இடத்தை அடைக்கிற காகிதம்.

வெளியே காமிராக்கள். என்னை யாரோ கண்டுபிடித்துக் கையைக் காட்டிவிட்டார்கள். எல்லாம் என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் காய்கறிக்காரம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். சொந்தக்காரர் ஊரில் போய் இருந்திருக்கிறார், இங்கே தன் வீட்டு வாசலுக்கும் போனைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்களாம். பின்னாலேயே மற்றக் குடும்பங்கள்.

"இவங்க முதல் வாரமே எங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டாங்க. நாங்கதான் சொல்லாதீங்கன்னோம். பொய்னா அது எங்க பொய். எங்க பிள்ளைங்க செத்தது பொய்யா? நீங்க பார்த்து அழுத படம் தப்புன்னா, இப்ப நாங்க நிக்கறோம், எங்களை எடுங்க. எடுங்கய்யா! ஏன் இறக்கறீங்க?"

நிஜமாகவே இரண்டு மூன்று பேர் போனை இறக்கிவிட்டார்கள். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அது எத்தனை பேரிடம் போயிருக்கும் என்று நீதான் எண்ணிச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை எங்கள் தெருவுக்குக்கூட வரவில்லை. முதலாளிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. வழக்கு நடக்கிறது, அடுத்த விசாரணைக்கு நாள் போட்டிருக்கிறார்கள். ஆலைப் பக்கம் காய்கறிக்காரம்மாவோடு நானும் போனேன். பின்பக்கத்தில் கதவையே கழற்றி எடுத்துவிட்டார்கள். வெறும் வழி. அந்த வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு அவர் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். 

ஆஸ்பத்திரியில் திங்கள் முதல் வரச் சொல்லிவிட்டார்கள். தார் பூசிய சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள்.

இப்போது என் விஷயம். போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அன்று லிஃப்டில் நான்தான் கேட்டேன், "உங்களுக்கு இன்னும் அந்த எண்ணம் இருக்கா?" என்று. அவர் லிஃப்ட் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். லிஃப்ட் நிஜமாகவே மாட்டிக்கொண்டதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கடைசியில், "இறக்கட்டுமா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்றார். இருக்கலாம் என்றேன்.

ஜூன் 9, பதிவு அலுவலகத்தில் கல்யாணம். மூன்று சாட்சி கேட்கிறார்கள். ஒருவர் எங்கள் மேற்பார்வையாளர். இரண்டாவது ஆளை நான் கேட்கவில்லை, கேள்விப்பட்டு அவரே வந்தார். காய்கறிக்காரம்மா. "கையெழுத்து நான் போடறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சமயத்துல?" என்றேன்.

"எனக்கு இருந்தது ஒரே பையன். இனிமே எந்தக் கல்யாணத்துல என்னை முன்னால நிக்கச் சொல்லப் போறாங்க? உங்களோடதுலயாவது நிக்கறேன்."

  சரி என்று தலையை ஆட்டினேன்.

மூன்றாவது இடம் காலி. உன்னிடம் சம்மதம் கேட்கவில்லை, அதைத் தெளிவாகப் புரிந்துகொள். நாள் சொல்கிறேன், அவ்வளவுதான். நீ வராவிட்டால் அங்கே வாசல் காவலாளியைக் கூப்பிட்டுக்கொள்வோம். வருவதாக இருந்தால் நல்ல பேனாவாக ஒன்று கொண்டு வா. அந்த அலுவலகத்தில் கட்டிப் போட்டிருக்கிற பேனா எழுதுவதே இல்லையாம்.

அம்மா